யானைக்கால்: மாத்திரை கைக்குப் போனால் போதாது

2,000 பேர் வாழும் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்வோம். யானைக்கால் தடுப்பு மாத்திரை வழங்கும் வாரம் முடிந்து, 1,700 பேருக்குக் கொடுத்தாயிற்று என்று கணக்கு வருகிறது. பார்க்க நல்ல எண்தான். ஆனால் நோயைத் தரும் புழுவை அந்தக் கணக்கு எதுவும் செய்யாது. எத்தனை பேர் விழுங்கினார்கள் என்பதுதான் அதைத் தொடும். கொடுத்ததற்கும் விழுங்கியதற்கும் நடுவே எத்தனையோ மாத்திரைகள் அலமாரி மேலும் சாமி படத்துக்குப் பின்னாலும் கிடக்கின்றன. யானைக்கால் ஒழிப்பில் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான். அதனால் முதலில் இதைப் பேசிவிட்டு, பிறகு எல்லாரும் மறந்துவிடும் இன்னொன்றுக்கு வருவோம்: ஏற்கெனவே கால் வீங்கியவர்கள்.

ஒரே வாரத்தில் ஊர் முழுக்க ஏன் மாத்திரை, அதுவும் ஆண்டுக்கணக்கில் ஏன் என்பது புழுவின் ஆயுளைத் தெரிந்துகொண்டால் விளங்கும். வூச்சரேரியா பான்கிராப்டி என்ற இந்தப் புழு நூலிழை போல இருக்கும். பெண் புழு 8 முதல் 10 செ.மீ., ஆண் 4 செ.மீ. நிணநீர்க் குழாய்களுக்குள் சுருண்டு கிடந்து நான்கிலிருந்து ஆறு ஆண்டு வரை குட்டி போடும். அந்தக் குட்டிகள்தான் மைக்ரோபைலேரியா. கண்ணுக்குத் தெரியாத அளவு. பகலில் நுரையீரல் பக்கம் ஒதுங்கியிருந்து, இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை மேல்தோல் ரத்தத்தில் திரளும். சாக்கடையில் பிறக்கும் க்யூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுவே. கொசுவின் உடலுக்குள் பத்துப் பதினான்கு நாளில் அது தொற்றும் பருவத்துக்கு வரும். ஆனால் அங்கே பெருகாது. உள்ளே போன எண்ணிக்கைக்கு மேல் வெளியே வராது. கொசு கடித்த துளை வழியாகப் புழு தானே ஊர்ந்து உள்ளே நுழைய வேண்டும். ஒரு கொசுக்கடியில் யாருக்கும் யானைக்கால் வந்துவிடாது. நூற்றுக்கணக்கான கடிகள், ஆண்டுக்கணக்கில் வேண்டும். நம்மிடம் மாட்டிக்கொண்ட அதன் பலவீனம் இதுதான்.

டி.இ.சி. என்ற மருந்து குட்டிகளைச் சில நாளில் ரத்தத்திலிருந்து துடைத்துவிடும். தாய்ப் புழுக்களில் ஒரு பகுதியைத்தான் கொல்லும். மிஞ்சியவை மாதங்கள் போனபின் மறுபடி குட்டி போடத் தொடங்கும். அதற்குள் அடுத்த ஆண்டு மாத்திரை. இப்படி ஐந்தாறு ஆண்டு தாக்குப்பிடித்தால் தாய்ப் புழு கிழடாகிச் செத்துவிடும். இடையில் கொசுவுக்குக் குட்டி கிடைக்காததால் புதிய ஆளுக்கும் போயிருக்காது. திட்டத்தின் மொத்த தர்க்கமும் புழுவைவிட நாம் அதிக நாள் பொறுமையாக இருப்பது என்பதே.

1947இல் இந்த மருந்து வந்தது. அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் அதன் ஆராய்ச்சியை நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஹெட்ரசான் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. ஊரையே பாழாக்கிய நோய்க்கு மருந்து கண்ட ஒருவரை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதிகம் தெரியாது என்பது வருத்தம்தான்.

இப்போது அளவு. டி.இ.சி. 100 மில்லிகிராம் மாத்திரையாக வரும். 2 முதல் 5 வயதுக்கு ஒன்று, 6 முதல் 14 வரை இரண்டு, 15க்கு மேல் மூன்று. அதோடு எல்லாருக்கும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒன்று. இதை மென்று விழுங்க வேண்டும். சின்னக் குழந்தைக்கு முழு மாத்திரையை வாயில் போடக் கூடாது. தொண்டையில் சிக்கும். இரண்டு கரண்டிக்கு நடுவே பொடித்து, தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். அழுகிற குழந்தையின் மூக்கைப் பிடித்து ஊற்றவே கூடாது. 2 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கடும் நோயில் படுத்திருப்பவர்கள் ஆகியோருக்கு மாத்திரை இல்லை. வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும், தலை சுற்றும். அதனால் சாப்பாட்டுக்குப் பிறகுதான்.

இந்த இரண்டோடு ஐவர்மெக்டினும் சேர்ந்த மூன்று மருந்துத் திட்டத்தை உலக சுகாதார நிறுவனம் 2017இல் பரிந்துரைத்தது. பப்புவா நியூ கினியில் நடந்த ஆய்வில், மூன்று மருந்தையும் ஒரே ஒரு முறை எடுத்தவர்களில் 96 சதவீதம் பேரின் ரத்தம் ஓராண்டுக்குப் பிறகும் சுத்தமாக இருந்தது. இரண்டு மருந்து மட்டும் எடுத்தவர்களில் 32 சதவீதம்தான். மூன்று மருந்தும் சேர்ந்து தாய்ப் புழுவை நீண்ட நாள் மலடாக்கிவிடுகின்றன. ஆனால் ஐவர்மெக்டினை உயரம் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்: 90 முதல் 119 செ.மீ. வரை 3 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, 140 வரை இரண்டு, 158 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. இதற்காகக் கோடு போட்ட அளவுக் கோல் ஒன்று குழுவிடம் இருக்கும். கோலைத் தரையில் நேராக ஊன்றி, ஆள் செருப்பைக் கழற்றி நிற்க வேண்டும். வாசல்படி மேல் நிற்கவைத்து அளந்தால் ஒரு மாத்திரை கூடிவிடும். 5 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கும், பிள்ளை பெற்று ஒரு வாரம் ஆகாத தாய்க்கும் ஐவர்மெக்டின் கிடையாது.

உயரமான ஓர் ஆளுக்கு மொத்தம் எட்டு மாத்திரை ஆகிறது. நோயே இல்லை என்று நம்பும் ஒருவர் கையில் எட்டு மாத்திரையை வைத்து உடனே விழுங்கச் சொல்கிறோம். அவர் தயங்குவதில் தவறில்லை. தயக்கத்துக்குப் பதில் சொல்வதுதான் மாத்திரை கொடுப்பவரின் உண்மையான வேலை.

“எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, நான் எதுக்கும்மா சாப்பிடணும்?” எல்லா ஊரிலும் வரும் முதல் கேள்வி இது. ரத்தத்தில் குட்டிகளோடு நடமாடுபவர்களில் பெரும்பாலோருக்கு வெளியே ஒரு குறியும் தெரியாது. கால் பெருத்தவர் ரத்தத்திலோ அநேகமாகக் குட்டியே இருக்காது. அதாவது ஊரார் ஒதுக்கிவைக்கும் ஆளிடமிருந்து நோய் பரவுவதில்லை. ஒதுக்குகிற நம்மிடமிருந்துதான் பரவுகிறது. இதை நேராகச் சொன்னால் மக்கள் கேட்பார்கள். “இது குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையாமே” என்ற வதந்திக்கு நோட்டீஸ் அடித்துப் பயனில்லை. கொடுக்க வந்த அக்காவும் ஊர்த் தலைவரும் எல்லார் முன்னாலும் தாங்களே விழுங்கிக் காட்டுவதுதான் பதில்.

இரண்டாவது சிக்கல்: “அவர் வயலுக்குப் போயிருக்கார். வெச்சுட்டுப் போங்கக்கா, வந்ததும் குடுத்துடறேன்.” வைத்துவிட்டுப் போனால் அந்த மாத்திரை தொலைந்த மாதிரிதான். ஆண்டுதோறும் வீட்டில் இல்லாத அதே ஆண்கள்தான் ஆண்டுதோறும் விடுபடுகிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் வேறு வேறு ஆட்கள் விடுபட்டால் பெரிய பாதகம் இல்லை. ஒரே ஆட்கள் ஐந்து முறையும் விடுபட்டால், அவர்கள் உடம்பில் புழு சேமிப்புக் கிடங்கு போட்டுக்கொள்கிறது. ஆகவே பதிவேட்டில் எத்தனை பேர் விடுபட்டார்கள் என்று எழுதுவதைவிட, யார் விடுபட்டார் என்று எழுதுவது முக்கியம். சென்ற ஆண்டுப் பட்டியலை இந்த ஆண்டு கையில் வைத்துக்கொண்டு, முதலில் அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

நடைமுறையில் மாத்திரை கொடுக்கும் ஒருவருக்குச் சுமார் 50 வீடு, 250 பேர் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரே நாளில் முடிக்க நினைத்தால் கதவிடுக்கில் மாத்திரை செருகும் வேலையாகிவிடும். காலை பத்து மணிக்குப் போனால் பாட்டிகளும் கைக்குழந்தைகளும்தான் இருப்பார்கள். மாலை ஆறுக்கு மேல் ஒரு சுற்று, ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று, செங்கல் சூளையிலும் மில் வாசலிலும் மதிய உணவு நேரத்தில் ஒரு மேசை என்று பிரித்தால் ஆண்கள் கிடைப்பார்கள். வரிசை எப்போதும் இதுதான்: பெயரைக் கூப்பிடு, சாப்பிட்டாரா என்று கேள், உயரம் அள, மாத்திரையை உள்ளங்கையில் வை, தண்ணீர் கொடு, விழுங்குவதைப் பார், விரலில் மை வை, அதன் பிறகே பதிவேட்டில் குறி. முதலிலேயே குறி போட்டுவிட்டு மாத்திரையை எடுப்பது சின்னப் பிழை மாதிரி தெரியும். பொய்க் கணக்கு அங்கேதான் பிறக்கிறது.

எவ்வளவு பேர் விழுங்க வேண்டும்? மொத்த மக்கள்தொகையில் குறைந்தது 65 சதவீதம். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். நம் 2,000 பேர் ஊரில் 65 சதவீதம் என்றால் 1,300. கைக்குழந்தை, கர்ப்பிணி, படுத்த நோயாளி என்று 240 பேரைக் கழித்தால் தகுதியுள்ளவர்கள் 1,760. அவர்களில் 1,300 என்பது கிட்டத்தட்ட 74 சதவீதம். தகுதியுள்ளவர்களில் 65 சதவீதம் பேர் விழுங்கினால் போதும் என்று எண்ணி நிறுத்திவிட்டால் 1,144 பேரோடு நின்றுவிடுவோம். எந்த எண்ணால் வகுக்கிறோம் என்பதைத் தாளின் மேலேயே எழுதிவைப்பது நல்லது.

விழுங்கிய அன்றிரவோ மறுநாளோ சிலருக்குக் காய்ச்சல், தலைவலி, உடல்வலி, தலைசுற்றல் வரும். மருந்து கெட்டுப்போனதால் அல்ல. ரத்தத்தில் இருந்த குட்டிகள் கூட்டமாகச் சாவதால். ஓரிரு நாளில் போய்விடும். பாராசிட்டமால், ஓய்வு, தண்ணீர் போதும். இதை முந்தின நாளே சொல்லியிருந்தால் “காய்ச்சல் வந்ததா, அப்போ உங்க உடம்புல புழு இருந்திருக்கு, இப்ப சாகுது” என்று விளக்க முடியும். சொல்லாமல் விட்டால், ஒரே தெருவில் நான்கு பேருக்குத் தலை சுற்றியதும் அடுத்த தெரு கதவைச் சாத்திக்கொள்ளும். அடுத்த ஆண்டும் திறக்காது. அதனால் மாத்திரை கொடுக்கும் நாட்களில் கூப்பிட்டால் வரக்கூடிய மருத்துவக் குழு ஒன்றும், ஒவ்வொரு வீட்டிலும் அதன் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும்.

(ஆப்பிரிக்காவில் ஆற்றுக்குருடு என்னும் வேறொரு புழுநோய் உள்ள பகுதிகளில் டி.இ.சி. கொடுக்கக் கூடாது, கண்ணையே பாதிக்கும். அங்கே ஐவர்மெக்டினும் அல்பெண்டசோலும்தான். நம் நாட்டில் அந்த நோய் இல்லை என்பதால் நமக்கு டி.இ.சி. பாதுகாப்பானது. இணையத்தில் அந்த ஊர் எச்சரிக்கையைப் படித்துவிட்டு இங்கே பயப்படுபவர்கள் இருக்கிறார்கள், அதற்காகச் சொல்கிறேன்.)

சரி, புழு போய்விட்டது என்று எப்படித் தெரியும்? பழைய வழி இரவு ரத்தப் பரிசோதனை. இரவு எட்டு மணிக்கு மேல் வீடு வீடாகப் போய், இடது கை மோதிர விரலின் பக்கவாட்டில் குத்தி, 20 கன மில்லிமீட்டர் ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடிமனாகப் பரப்புவார்கள். தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கழுவும்போது ரத்தப்படலம் உரிந்து போகும். வெயிலிலோ விளக்கு அருகிலோ உலர்த்தினால் வெந்து ஒட்டிக்கொண்டு சிவப்பு நீங்காது. மூடாமல் வைத்தால் விடிவதற்குள் எறும்பும் கரப்பானும் தின்றுவிடும். காலையில் தண்ணீரில் அமிழ்த்திச் சிவப்பை முழுதும் போக்கி, உலர்த்தி, அதற்குப் பிறகே சாயமேற்ற வேண்டும். வரிசையை மாற்றி, முதலில் மெத்தனாலில் முக்கிவிட்டால் அந்தத் தகடு வீண்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. 20 கன மில்லிமீட்டர் என்பது ஒரு மில்லி லிட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. ஒருவர் ரத்தத்தில் மில்லி லிட்டருக்குப் பத்துக் குட்டி இருந்தால், சராசரியாக ஐந்து தகட்டுக்கு ஒன்றில்தான் ஒரு குட்டி கண்ணில் படும். மாத்திரை கொடுத்துக் கொடுத்துக் குட்டி குறைந்த ஊரில் இந்தச் சோதனை நல்ல சேதியாகவே சொல்லிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் இப்போது சோதனைப் பட்டை. தாய்ப் புழு வெளிவிடும் ஒரு பொருள் ரத்தத்தில் இருந்தால் அதை ஒரு கோடாகக் காட்டுவது அது. பகலிலேயே எடுக்கலாம். 75 மைக்ரோ லிட்டர் ரத்தம் பட்டையில் விழுந்த நொடியில் கடிகாரத்தை ஓடவிட்டு, சரியாகப் பத்தாவது நிமிடம் படிக்க வேண்டும். ஒரு வகுப்பு முழுதையும் குத்திவிட்டு, டீ குடித்து வந்து பார்த்தால், இல்லாத கோடெல்லாம் தெரியும். ஒரே ஆள் வரிசையாகப் பத்துப் பட்டைக்கு மேல் பார்க்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால் இந்தத் தவறு நடக்காது. ஒவ்வொரு பட்டையின் மேலும் நேரத்தைப் பென்சிலால் எழுதிவிடுங்கள்.

யாரைச் சோதிப்பது என்பதில்தான் அழகான யோசனை இருக்கிறது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை. 6, 7 வயதுக்காரர்களை. ஐந்து சுற்று மாத்திரை முடிந்த ஊரில் அவர்கள் வாழ்நாளே மாத்திரைக் காலத்தோடு ஏறக்குறைய ஒட்டியது. பெரியவர் ஒருவருக்குக் கோடு தெரிந்தால் அது பழைய புழுவாக இருக்கலாம். குழந்தைக்குத் தெரிந்தால் புழு அண்மையில்தான் உள்ளே போயிருக்க வேண்டும். ஒரு மதிப்பீட்டுப் பகுதியில் சுமார் 1,500 முதல் 1,700 பிள்ளைகளைச் சோதித்து, கோடு தெரிந்தவர்கள் 18 அல்லது 20க்கு மேல் போகவில்லை என்றால் மாத்திரையை நிறுத்தலாம். பிறகு இரண்டு மூன்று ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை இதே சோதனை.

“கொசுவை ஒழிக்காம மாத்திரை கொடுத்து என்ன புண்ணியம்?” இந்தக் கேள்வியைக் குறை சொல்லும் கேள்வியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கேட்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது. திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தினர் இதைச் சோதித்தே பார்த்தார்கள். மாத்திரை மட்டும் கொடுத்த ஊர்களில், நிறுத்திய பிறகு நோய்ப் பரவல் மறுபடி தலைதூக்கியது. மாத்திரையோடு கொசுப் புழுவையும் கட்டுப்படுத்திய ஊர்களில் கிடைத்த பலன் நிலைத்தது. அவர்கள் செய்தவற்றில் ஒன்று, கழிவுநீர்க் குழிகளில் தெர்மாகோல் மணிகளைக் கொட்டியது. தண்ணீர்மேல் ஒரு செ.மீ. அளவுக்கு அந்த மணிகள் மிதந்தால் கொசு முட்டையிட முடியாது, உள்ளே இருக்கும் புழு மேலே வந்து மூச்சுவிட முடியாது. மருந்து மாதிரி வாரம் ஒருமுறை அடிக்க வேண்டியதில்லை; மூடிய குழியில் நெடுநாள் இருக்கும். ஓடும் சாக்கடையில் இது பயன்படாது, அடித்துக்கொண்டு போய்விடும். மழை வெள்ளம் புகும் குழியிலும் போட வேண்டாம், வாய்க்காலெல்லாம் தெர்மாகோல் ஆகும். கழிவறைத் தொட்டியின் காற்றுக் குழாய் வாயில் நைலான் வலை கட்டுவது இன்னும் மலிவு. ஒரு முழ வலையும் ஒரு கம்பியும் போதும்.

இலங்கையின் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேற்கு, தெற்கு, வடமேற்கு மாகாணங்களின் எட்டு மாவட்டங்களில் 2002 முதல் 2006 வரை ஐந்து சுற்று மாத்திரை கொடுத்து, 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற்ற நாடு அது. உழைத்துப் பெற்ற வெற்றி. அப்படியும் காலி (Galle) மாவட்டக் கரையோரத்தில் கொசுக்களைப் பிடித்துப் பி.சி.ஆர். செய்து பார்த்தபோது புழுவின் மரபணுத் தடம் தொடர்ந்து கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகளின் சோதனையில் தேறிய ஒரு பகுதியிலேயே இப்படி. தேங்காய் மட்டை ஊறப்போடும் குழிகள் க்யூலெக்ஸ் கொசுவுக்குச் சொந்த வீடு. கயிறு திரிக்கும் கரையோரம் எதுவானாலும், கன்னியாகுமரி உட்பட, மாத்திரை நின்ற பிறகும் கொசுவைப் பிடித்துச் சோதிக்க வேண்டிய இடங்கள் இவைதான்.

கேரளத்தின் சேர்த்தலையில் இருந்தது வேறு வகைப் புழு, வேறு வகைக் கொசு. குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேரில் ஒட்டிக்கொண்டு அந்தக் கொசுப் புழு மூச்சுவிடும். புதுச்சேரி கொசு ஆய்வு மையத்தினர் 1980களில் அங்கே களையை அள்ளிவிட்டு மீன் வளர்க்க மக்களைச் சேர்த்தார்கள். மீனில் வருமானம் வந்ததால் குளம் சுத்தமாக இருந்தது.

இனி, கால் வீங்கியவர்கள். மாத்திரை இவர்கள் வீக்கத்தைக் குறைக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; சொல்லாமல் ஆண்டுதோறும் மாத்திரை கொடுத்தால் நம்பிக்கை போய்விடும். புழு நிணநீர்க் குழாயைப் பலூன் போல விரித்துக் கெடுத்துவிட்டது. குழாய் பழுதான காலில் நுழையும் கிருமியை உடம்பால் விரட்ட முடிவதில்லை. குளிர்காய்ச்சல் நடுக்கி எடுக்கும், இடுப்புமடிப்பில் நெறி கட்டும், கால் சிவந்து கொதிக்கும். ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் கால் ஒரு சுற்று பெருக்கும், தோல் தடிக்கும். யானைக்கால் வளர்வது புழுவால் மட்டும் அல்ல, இந்தக் கிருமித் தாக்குதல்களால்தான் என்பதைப் பிரேசிலின் ரெசிஃபி நகரில் மருத்துவர் ஜெருசா டிரேயரின் பணி தெளிவாகக் காட்டியது. கிருமி எந்த வழியாக நுழைகிறது? நடவு வயலில் நிற்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வழிதான்: சேற்றுப்புண். கால்விரல் இடுக்கில் வெளுத்து, ஊறி, வெடித்த அந்தச் சின்னப் புண்தான் கதவு. கதவை அடைத்தால் காய்ச்சல் நிற்கும். காய்ச்சல் நின்றால் கால் பெருப்பது நிற்கும்.

அடைக்கத் தேவையானவை ஒரு பேசின், ஒரு குவளை, சாதாரணக் குளியல் சோப்பு, மெல்லிய பருத்தித் துண்டு, பூஞ்சைக் களிம்பு. சாதாரணத் தண்ணீர் போதும், வெந்நீர் கூடாது. மரத்துப்போன தோலில் சூடு தெரியாமல் கொப்பளித்துவிடும். முழங்காலிலிருந்து கீழே நனைத்து, சோப்பைக் கையில் நுரைத்து அந்தக் கையாலேயே தேய்க்க வேண்டும். பீர்க்கங்கூடு, பிரஷ், கல் எதுவும் வேண்டாம். தோல் மடிப்பு ஒவ்வொன்றையும் விரித்து உள்ளே கழுவ வேண்டும். நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது. விரல் இடுக்குகளுக்குத் தனியாக நேரம் கொடுங்கள். தண்ணீர் தெளிவாக ஓடும்வரை அலசுங்கள். பிறகு துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும், துடைத்து இழுக்கக் கூடாது. விரல்கள் பெருத்து ஒட்டிக்கொண்டிருந்தால் துண்டு நுழையாது. மெல்லிய துணிக் கீற்று ஒன்றை நுழைத்து ஈரத்தை எடுக்க வேண்டும். பலரும் நன்றாகக் கழுவிவிட்டு இந்த ஈரத்தை விட்டுவிடுகிறார்கள். ஈரம் தங்கினால் கழுவியதே பூஞ்சைக்கு உரம். உலர்ந்த பின் இடுக்கில் களிம்பு. வெடிப்போ புண்ணோ இருந்தால் அதற்குக் கிருமிக்கொல்லிக் களிம்பு. காலையிலும் படுக்கும் முன்னும். ஒரு காலுக்குத்தான் வீக்கம் என்றாலும் இரண்டு காலையும் கழுவ வேண்டும். பேசினுக்கு முன் குனிய முடியாத வயதானவருக்கு மகளோ மருமகளோ கழுவிவிடலாம், தொடுவதால் ஒட்டாது.

வயலிலிருந்து ஏறியதும் பம்புசெட்டுத் தண்ணீரில் கழுவி, வரப்பிலேயே இடுக்கைத் துடைத்துவிட வேண்டும். ரப்பர் பூட்ஸ் போடச் சொல்வது நடவுச் சேற்றில் நடக்காத காரியம், கால் வராது. சேற்றுக்கு வெளியே செருப்பு எப்போதும் வேண்டும், விரலை நெரிக்காத, காற்றுப் போகும், மெத்தென்ற ரப்பர் அடி கொண்ட எம்.சி.ஆர். செருப்பு. உட்காரும்போது காலை இடுப்பு உயரத்துக்கு ஸ்டூலில் தூக்கிவையுங்கள். கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கல். இதய நோய் உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இப்படிச் செய்யக் கூடாது. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது, கணுக்காலைச் சுழற்றுவது, பத்துப் பதினைந்து முறை.

காய்ச்சல் வந்துவிட்டால் பயிற்சி வேண்டாம். காலை உயர்த்திப் படுத்து, ஈரத் துணி போட்டு, நிறையத் தண்ணீர் குடித்து, பாராசிட்டமாலோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அமாக்ஸிசிலின் போன்ற மருந்தை மருத்துவர் சொன்ன நாள் முழுதும், குறைந்தது எட்டு நாள், சாப்பிட வேண்டும். மூன்றாம் நாள் சிவப்பு குறைந்ததும் நிறுத்துவதால்தான் அடுத்த மாதமே திரும்பி வருகிறது. இந்தச் சமயத்தில் டி.இ.சி. சாப்பிடக் கூடாது. கொப்புளத்தைக் கீறிவிடுவது, சூடு போடுவது, இறுக்கிக் கயிறு கட்டுவது, வெடித்த தோலில் பச்சிலை அரைத்துப் பூசுவது எல்லாம் கதவை இன்னும் அகலமாகத் திறந்துவிடும். ஒரு நாளைக்கு மேல் குறையாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, சீழ் வைத்தாலோ பெரிய மருத்துவமனைதான்.

இதே புழுவால் விதைப்பையில் நீர் கோத்து வரும் விரைவீக்கத்தை மறைத்தே வாழும் ஆண்கள் அதிகம். வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு, வேலைக்குப் போகாமல், திருமணப் பேச்சைத் தள்ளிப்போட்டு. இதற்கு அறுவை சிகிச்சை உண்டு, நிரந்தரத் தீர்வு. ஊசி போட்டு நீரை மட்டும் எடுப்பது தீர்வல்ல. மறுபடி சேரும், கிருமியும் உள்ளே போகும். பெண் சுகாதாரப் பணியாளரிடம் இதைச் சொல்ல ஆண்கள் கூச்சப்படுவார்கள் என்பதால், கணக்கெடுப்புக்கு ஓர் ஆண் பணியாளரும் போக வேண்டும்.

ஒரு நாடு யானைக்காலை ஒழித்துவிட்டது என்று சொல்ல, பிள்ளைகளின் சோதனை மட்டும் போதாது. எத்தனை பேருக்குக் கால் வீக்கம், எத்தனை பேருக்கு விரைவீக்கம், அவர்களுக்குச் சிகிச்சை எங்கே கிடைக்கிறது என்ற கணக்கையும் காட்ட வேண்டும். மாத்திரை நின்ற மாவட்டங்களில் இந்தப் பட்டியல்தான் முதலில் பழசாகிறது. பெயர், எந்தக் கால், எந்த நிலை, கடந்த ஆறு மாதத்தில் எத்தனை முறை காய்ச்சல் என்று நான்கு கட்டம் போதும். ஐந்தாவதாக ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: களிம்பு எப்போது தீர்ந்தது. பேசினும் குவளையும் ஒருமுறை கொடுத்தால் பல ஆண்டு வரும். சோப்பும் களிம்பும் மாதாமாதம் தீரும்.